கொலைக்கு முன்னால் ஒரு பத்திரம்

அட்டை முதலில் சிவகாசியில் அச்சாகிவிடும். கதை அப்புறம்தான். எண்பதுகளில் மாத நாவல் எழுதியவர்களுக்கு இது தெரியும். விரும்பிப் படித்தவர்களில் பலருக்குத் தெரியாது. தனித்தனியாக அடித்தால் கட்டுபடியாகாது என்று எங்கள் பதிப்பாளர் மூன்று நான்கு மாதத்து அட்டைகளை ஒரே தாளில் அடித்து வாங்கி வைத்துக்கொள்வார். அதில் நாவலின் தலைப்பு இருக்கும், என் புனைபெயர் இருக்கும். படத்தில் ஒரு பெண் மாடிப்படியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். கீழ்ப்படியில் ஒரு கையுறை கிடக்கும். அந்தப் படிக்கும் கையுறைக்கும் கதை கண்டுபிடிப்பது என் பாடு. திருச்சியில் மே மாதத்தில் கையுறை போட்டுக்கொண்டு திரிகிறவர் யார்? வெல்டர், ஆஸ்பத்திரி ஊழியர், இல்லாவிட்டால் கொலைகாரர். வெல்டரை வைத்து எழுதினேன். நன்றாகத்தான் போயிற்று.

உள்பக்கங்கள் லெட்டர்பிரஸ். 96 பக்கம், 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று 6 ஃபாரம். சின்ன அச்சகத்தில் ஆறு ஃபாரத்தையும் ஒரே நேரத்தில் கோத்து வைக்கிற அளவுக்கு எழுத்து இருக்காது. ஒரு ஃபாரத்தைக் கோத்து, ஓட்டி, ஈய எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்ட பிறகுதான் அதே எழுத்தால் அடுத்த ஃபாரம். ஆகவே முதல் ஃபாரம் மெஷினில் ஓடும்போது நான் மூன்றாவதை எழுதிக்கொண்டிருப்பேன். பதினோராம் பக்கத்தில் வந்துவிட்ட தோட்டக்காரரை இனி யாராலும் அழிக்க முடியாது. அவர் ஏன் வந்தார் என்பதற்கு எண்பதாம் பக்கத்துக்குள் ஒரு நியாயம் செய்தாக வேண்டும்.

இந்த நெருக்கடிதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. முதல் ஃபாரத்தில் ஐந்தாறு பொருள்களைச் சும்மா போட்டு வைப்பேன். பூட்டாத பீரோ, பேசாமல் வைத்துவிட்ட ஒரு டெலிபோன் அழைப்பு, யாரும் பிரிக்காத தபால். எது கொலைக்கு உதவும் என்று அப்போது எனக்கே தெரியாது. நாலாவது ஃபாரத்தில் அதில் ஒன்று கையில் மாட்டும். மற்றவை தாமாகவே வாசகரைத் திசைதிருப்பும் வேலையைச் செய்துவிடும். "எப்படி சார் முதல் பக்கத்திலேயே முடிச்சுப் போட்டீங்க?" என்று கேட்பவர்களிடம் நான் புன்னகைத்ததோடு சரி.

கம்பாசிட்டர்தான் என் முதல் வாசகர். ஸ்டிக்கில் தலைகீழாக எழுத்தைக் கோத்துக்கொண்டே கதை படிக்கிறவர். "சார், இந்த மச்சினன்தானே ஆளு?" என்று ஐந்தாவது ஃபாரத்தின்போது அவர் கேட்டுவிட்டால், அன்று ராத்திரி மச்சினனுக்கு விடுதலை, ஆறாவது ஃபாரத்தில் வேறு ஆள் பிடிபடுவார்.

அந்தக் காலத்தில் மைதானம் நிறைந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ராஜேஷ்குமார், பிறகு பட்டுக்கோட்டை பிரபாகர், சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்த சுபா. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகங்களில் இவர்கள் பெயருக்குத்தான் முதல் வரிசை. என்னைப் போன்றவர்கள் இரண்டாம் வரிசை. ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள் கைக்கு எட்டியதை எடுப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பறியும் ஜோடி இருந்தது. ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா, பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. பதிப்பாளர் எனக்கும் ஒரு ஜோடி கேட்டார். கொடுத்தேன். அவர்கள் பெயர் இப்போது வேண்டாம். அவர்களை நானே பிற்பாடு வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால் என் பகல் வேலையைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் எல்லாம் எழுதுவார். அவருக்குப் பிறகு அதே மேஜை எனக்கு. பகலில் சொத்து விவரம், ராத்திரியில் கொலை. இரண்டும் வேறு வேறு வேலை என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் நடக்கிற கொலைகளில் பலவற்றுக்கு முதல் அத்தியாயம் பத்திரம் எழுதுகிற மேஜையில்தான் இருக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எத்தனையோ முறை பார்த்தது. வயதானவரை ஆட்டோவில் கூட்டி வருவார்கள். ஒரு பக்கம் தம்பி மகன் தாங்கிக்கொள்வான், இன்னொரு பக்கம் அவன் மனைவி. நல்ல நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைக்கிறேன் என்ற வாக்கியத்தை நான் வாசிப்பேன். பெரியவர் தலையாட்டுவார். அலுவலகத்துக்குள் போனதும் இடது கைப் பெருவிரலை மையில் வைத்து உருட்ட வேண்டும். விரல் நடுங்கும். தம்பி மகன் தன் இரண்டு விரலால் அதைப் பிடித்து அழுத்திப் புத்தகத்தில் வைப்பான். தொட்டதும் எடுத்தால் போதும். அவன் எடுக்க மாட்டான், இன்னும் கொஞ்சம் அழுத்துவான். அந்தக் கூடுதல் அழுத்தத்தில் என் நாவல்களில் பாதி இருக்கிறது.

"கொன்னது யாருங்கறதை விடு. செத்ததுல யாருக்குப் பட்டா மாறும்னு பாரு" என்பார் அப்பா, நான் எழுதியதைப் படித்துவிட்டு. அவர் துப்பறியும் கதை ரசிகர். ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங்கையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரையும் படித்து வளர்ந்தவர். தமிழ்வாணனின் சங்கர்லாலையும் விட்டதில்லை. ஆனால், ஒருவருக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கத் தெரியவில்லையே என்பது அவர் குறை.

1989-ஆம் ஆண்டு எங்கள் மேஜையைத் தூங்கவிடவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. மார்ச் 25-லிருந்து அமல். ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிவிட்ட பெண்ணுக்குப் பங்கு இல்லை. பிப்ரவரியில் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு ஒன்றும் கிடையாது. வைகாசியில் கட்டிக்கொண்ட தங்கைக்கு அண்ணனுக்குச் சமமான பங்கு. ஒரே வீட்டில், ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள். அந்த வருஷம் அண்ணன்மார்கள் எங்கள் மேஜைக்கு வந்து கேட்ட கேள்விகளை எழுதினால் அதுவே ஒரு நாவல். விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்க எவ்வளவு பாசம் பொழிந்தார்கள் என்பதை நான் நேரில் பார்த்தவன்.

அதிலிருந்து ஒரு கதை எடுத்தேன். தங்கையின் கல்யாணம் மார்ச் 25-க்கு முன்பே கோயிலில் ரகசியமாக நடந்துவிட்டது என்று நிரூபிக்க அண்ணன் முயல்கிறான். நடக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், பிற்பாடு நடந்த உண்மையான கல்யாணத்துக்குப் படம் பிடித்த போட்டோகிராபர். நெகட்டிவ் அவரிடம். அவர் ஸ்டுடியோ இருட்டறையில் செத்துக் கிடக்கிறார். யாருக்கும் விரோதியே இல்லாத ஒரு மனிதரை ஏன் கொன்றார்கள் என்று போலீஸ் திணறுகிறது. கொலைக்கான காரணம் பிணத்திடம் இல்லை, அரசிதழில் இருக்கிறது. 2005-இல் மத்திய சட்டமே திருத்தப்பட்டு, மணமான மகளுக்கும் பங்கு வந்துவிட்டது. அந்தக் கதையை இன்று எழுதினால் நிற்காது. சட்டம் மாறினால் கொலைகாரனும் வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவை க்ரைம் எழுதுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கொலை செய்தவர், கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்பாவைக் கொன்ற மகனுக்குச் சல்லிக்காசு கிடைக்காது, பிடிபட்டால். ஆக, விவரம் தெரிந்த மகன் தானே செய்ய மாட்டான்; விவரம் தெரிந்த தம்பி, அண்ணன் செய்தது போலக் காட்டுவான். அண்ணனும் ஒழிந்தான், அண்ணனின் பங்கும் வந்தது. இந்த ஒரு பிரிவிலிருந்து நான் வருஷக் கணக்கில் கதை பண்ணியிருக்கிறேன். முத்திரைத்தாளின் பின்பக்கம் இன்னொரு சுரங்கம். விற்ற தேதியும் வாங்கியவர் பெயரும் விற்பனையாளரின் வரிசை எண்ணும் அங்கே இருக்கும். முன்தேதியிட்டுத் தயாரித்த உயிலையும் பத்திரத்தையும் பற்றி எழுதும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

கைரேகையே பத்திரத்திலிருந்து வந்ததுதான். வங்காளத்தில் ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத்தின் பின்னால் பதிய வைத்தார். நாளைக்கு 'இது என் கையெழுத்தில்லை' என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். கொலைகாரனைப் பிடிக்கிற எண்ணமெல்லாம் பிறகு வந்தது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கினார்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு முன்பே. அங்கே வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள். முறைக்கு நிலைத்தது என்னவோ மேலதிகாரி ஹென்றியின் பெயர். மேஜையில் மைப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேர் நினைவு வரும்.

இனி என் துப்பறியும் ஜோடியை ஏன் அனுப்பினேன் என்பது.

வாசகர் கடிதம் நிறைய வரும், பெரும்பாலும் நீல இன்லேண்டில். ஒரு கடிதம் டெல்டா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷமான தங்கை ஸ்டவ் வெடித்துச் செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நம்ப முடியவில்லை, உங்கள் கதையில் வருகிறவர் நிஜமாகவே இருந்தால் விலாசம் கொடுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எழுதியது அக்கா. நான் என்ன விலாசம் கொடுப்பது? கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இப்படிச் சாவு நடந்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும், அவரிடம் நேரில் போய் வாக்குமூலம் கொடுங்கள், போலீஸில் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

தனியார் துப்பறிவாளருக்கு இந்த நாட்டில் கொலையை விசாரிக்க ஓர் அதிகாரமும் கிடையாது. லைசென்ஸ் முறைகூட இல்லை. 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள்; அது சட்டமாகவில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கலாம், கணவன் எங்கே போகிறான் என்று பின்தொடரலாம். சம்பவ இடத்தில் கயிற்றைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. சுஜாதா இதில் கெட்டிக்காரர். கணேஷை வக்கீலாக்கினார், வசந்தை ஜூனியராக்கினார். வக்காலத்து கையில் இருந்தால் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு.

என் மேஜைக்கு ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் வந்தார், மகளுக்கு செட்டில்மெண்ட் எழுத. பல ஸ்டேஷன்களில் ரைட்டராக இருந்தவர். வழக்கு டைரி, பொது டைரி, எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் எல்லாம் அவர் கையெழுத்திலேயே ஓடியிருக்கும். மாத நாவல்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "தம்பி, டிடெக்டிவ் பொணத்துப் பக்கத்துல கிடந்த சிகரெட் துண்டை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிறான். மகஜர் போடாம எடுத்தா அது சாட்சியம் இல்ல, குப்பை. வில்லன் கடைசியில இன்ஸ்பெக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கிறான். போலீஸ்கிட்ட ஒப்புக்கிட்டது கோர்ட்டுல எதுக்கு ஆகும்?"

ஒன்றுக்கும் ஆகாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்லிற்று. 27-ஆம் பிரிவில் ஒரு சந்து: அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு இட்டுச் சென்ற வரிகள் மட்டும் செல்லும். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இரண்டும் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன, விஷயம் மாறவில்லை. அப்படியானால் எங்கள் நாவல்களின் கடைசி அத்தியாயங்கள், ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துக் கொலைகாரன் பக்கம் பக்கமாகப் பேசுகிற அந்த அத்தியாயங்கள், சட்டப்படி வெறும் பேச்சு. மறுநாள் ஜாமீன் மனு போடலாம்.

ஏட்டையா பிறகு அடிக்கடி வந்தார். டீயும் வடையும் என் செலவு. அவர் சொல்லித்தான் கிராம நிர்வாக அலுவலரின் மகிமை தெரிந்தது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளின் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பல வழக்குகளில் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் மனம் திறந்து எல்லாம் சொல்லியிருப்பார், வி.ஏ.ஓ. அதை எழுதி, தலையாரியையும் சேர்த்துக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்திருப்பார். போலீஸிடம் சொன்னால் செல்லாது, வி.ஏ.ஓ.விடம் சொன்னால் செல்ல வழி உண்டு. முன்பின் தெரியாத அலுவலரிடம் கொலைகாரன் ஏன் போனான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்வியை வைத்து நான் ஒரு நாவல் முழுக்க எழுதினேன். அதேபோல் எஃப்.ஐ.ஆர். பதிவான நேரமும் அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரமும். நடுவில் விளக்கம் இல்லாத சில மணி நேரம் இருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வக்கீல் வாதாடுவார். எந்த மர்மக் கதாசிரியரும் கற்பனை செய்துவிட முடியாத மர்மம் அந்தச் சில மணி நேரம்.

ஜோடியை அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டேஷன் ரைட்டரைக் கதாநாயகனாக்கினேன். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, துப்பாக்கி கிடையாது. எல்லோரும் சொல்வதை எழுதிக்கொள்வார். முன்னால் எழுதியதோடு ஒத்துப் பார்ப்பார். பதிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. "அட்டையில எப்படி சார் போடுறது இவரை?" என்றார். அட்டையில் வழக்கம்போல் மாடிப்படிப் பெண்தான் வந்தாள்.

விஷத்தைப் பற்றி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்தும் அரளி விதையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அளவையும் நேரத்தையும் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. உடலுறுப்புகளை உப்புக் கரைசல் ஊற்றிய பாட்டிலில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் கான்ஸ்டபிள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போவதை எழுதியிருக்கிறேன். வாசகருக்கு அது போதும். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்பாரே, அங்கே கதை இருக்கிறது.

நிஜ வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்ட். சென்னையில் பேனா விற்றவர் காணாமல் போகிறார். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல் மானாமதுரையில் சிக்குகிறது. தலை ராயபுரம் கடற்கரையில். ஒரு கணவனும் மனைவியும் குற்றம் சாட்டப்பட்டார்கள். விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரே எழுத்தாளர். இறந்தவரிடம் ஊருக்கு அனுதாபம் இல்லை, குற்றவாளிகளிடம் இருந்தது. தூக்கு விழவில்லை. ரயிலும் பெட்டியும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அந்த அனுதாபம்தான் பாடம். கொலைகாரனை வாசகர் வெறுக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. கேபிள் டிவி வந்தது, வீட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மெகா சீரியலுக்குப் போனார்கள், ஏஜெண்டுகளிடமிருந்து ரிட்டர்ன் கட்டு கட்டாக வந்தது. சுபா சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போனார்கள். எங்கள் வகை எழுத்தை 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் தொகுப்பாகப் போட்டபோது, அதுவரை எங்களை எழுத்தாளர் என்றே சொல்லாதவர்கள் வாங்கினார்கள். செல்போனும் சிசிடிவியும் பாதிக் கதைகளைக் கொன்றன என்று என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டவர் பதிவு, ஆள் எங்கே இருந்தான் என்று சொல்லும்; பாகப்பிரிவினையில் அவனுக்கு மேற்குப் பக்கத்து வெறும் மனையைத் தள்ளிவிட்டதைச் சொல்லாது.

க்ரைம் எழுத வேண்டும் என்று இளைஞர்கள் வந்து எந்த வெப் சீரிஸைப் பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். உங்கள் ஊர் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போங்கள். கொலை வழக்கு விசாரணை, சில விதிவிலக்குகள் தவிர, பொதுமக்கள் பார்க்கத் திறந்தது, டிக்கெட் கிடையாது. வி.ஏ.ஓ.வைக் குறுக்கு விசாரணை செய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். செல்போனை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வெளியே வந்ததும் அதே வளாகத்தில் மரத்தடியில் டைப் அடிக்கிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். அவருக்குத் தெரியாத கொலை அந்த மாவட்டத்தில் இருக்காது.